சொல்லிவிட்டுத் திருத்தவும்

மலையகத்தில், ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடைக்கு மேல்மாடியில் ஜீவராணி ஒரு கொமியூனிகேஷன் நடத்தினாள். கடை மாமாவுடையது, பாடு முழுக்க அவளுடையது. வெளிநாட்டுக்குக் கோல் எடுக்க வருபவர்கள், போட்டோக்கொப்பி அடிக்க வருபவர்கள், வேலைக்கு விண்ணப்பம் டைப் பண்ண வருபவர்கள் என்று காலையில் மூச்சுவிட நேரமிருக்காது. பின்னேரம் மழை பிடித்துக்கொண்டால் கூட்டம் கலைந்துவிடும். அப்போதுதான் தனக்கென்று வைத்திருந்த வேலையைத் திறப்பாள். சம்பளமில்லாத வேலை. அதன் பெயர் ‘உருமாற்றி’.

அது 2005ஆம் ஆண்டு. கணினியில் தமிழ் அடிப்பவர்கள் ஆளுக்கொரு எழுத்துருவை வைத்திருந்த காலம் இன்னும் முடியவில்லை. அச்சகத்தில் அடித்ததைப் பள்ளிக்கூடத்துக் கணினியில் திறந்தால் கோழி கிளறியது போலத் தெரியும். யூனிகோட் என்ற பொது முறைக்கு எல்லோரும் மெல்ல மெல்ல மாறிக்கொண்டிருந்தார்கள். பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றித் தருவதுதான் உருமாற்றியின் வேலை.

அதைத் தொடங்கியவன் சுகிர்தன். யாழ்ப்பாணத்துக்காரன், பேராதனைக் கெம்பஸில் படித்துவிட்டு, ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கணித ஆசிரியராக வந்திருந்தான். மென்பொருளின் உள்ளே இருக்கும் நிரல் முழுவதையும் இணையத்தில் திறந்தே வைத்திருந்தான். யாரும் பார்க்கலாம், எடுக்கலாம், சேர்க்கலாம். சேர்க்க விரும்புகிறவர்கள் அவனுக்கு அனுப்புவார்கள். அவன் பார்த்து உள்ளே போடுவான். இணையம் பார்க்க ஜீவராணியின் கடைக்கு வந்துகொண்டிருந்தவன், ஒருநாள் அவள் கண்டியில் கணினி டிப்ளோமா முடித்தவள் என்று தெரிந்ததும், “நீங்களும் எழுதலாமே” என்றான். அவ்வளவுதான் தொடக்கம்.

அவள் எழுதிச் சேர்த்தது முக்கியமான ஒரு பகுதி. தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடங்களிலும் ஹட்டன் அச்சகங்களிலும் மட்டும் ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய எழுத்துரு இருந்தது. அதில் ‘ழ’ வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கும். உருமாற்றிக்கு அந்த இடம் தெரியாது. ஜீவராணி அதற்குத் தனியாக ஒரு நிரல் துண்டு எழுதி அனுப்பினாள். சுகிர்தன் உடனே சேர்த்துக்கொண்டான். நன்றி சொல்லி அழகாக ஒரு மின்னஞ்சலும் போட்டான்.

சில வாரம் கழித்துத் தன் துண்டைத் திறந்து பார்த்தபோது அவளுக்கு என்னவோ போல் இருந்தது. நிரலுக்குள் எழுத்துகளை எடுத்து வைக்கும் இடங்களுக்கு அவள் வைத்திருந்த பெயர்கள் மாறியிருந்தன. ‘எழுத்து’ என்பதை ஆங்கில எழுத்தில் குறிக்கும்போது ழகரத்துக்கு அவள் எல் போட்டிருந்தாள். அது இசட்-எச் ஆகியிருந்தது. நிரலுக்கு நடுவே, படிக்கிறவர்களுக்காக, “இங்கன ழ வந்தா மட்டும் இந்தப் பக்கம் திருப்பிவிடு” என்று ஒரு குறிப்பு எழுதியிருந்தாள். அது இப்போது, “ழகரம் வருமிடத்து இவ்வழியே செலுத்துக” என்றிருந்தது.

பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும், யாரோ அவள் வாயைத் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. எதுவும் கேட்கவில்லை. ஆசிரியர் என்பதால் அவனை அவள் ‘சேர்’ என்றுதான் அழைப்பாள். ‘சேர் செஞ்சா காரணம் இருக்கும்’ என்று விட்டுவிட்டாள்.

ஐப்பசி மழையில், டயகமவில் அழகுமுத்து என்ற பெரியவர் காலமானார். தோட்டத்தில் பல வருடம் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். கருமாதி அழைப்பைத் தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர் அந்தப் பழைய எழுத்துருவில் அடித்து, பிளாப்பித் தட்டில் போட்டுக் கொடுத்திருந்தார். பெரியவரின் மகள் வேலாயி அதைக் கொண்டுவந்தாள். ஜீவராணி உருமாற்றியில் போட்டாள், பக்கத்தை ஒழுங்குபடுத்தினாள், ஓரத்தில் ஒரு குத்துவிளக்குப் படம் வைத்தாள், அடித்துக் கொடுத்தாள். மேலோட்டமாகத்தான் வாசித்தாள். தான் எழுதிய துண்டு என்ற நம்பிக்கை. முன்பு எத்தனையோ தடவை சரியாக மாற்றித் தந்த துண்டு.

இரண்டு நாள் கழித்து வேலாயி திரும்பி வந்தாள். நனைந்த குடையை மடக்காமலே வாசலில் நின்றாள்.

“தங்கச்சி, அகுமுத்துங்கிறது யாரு?”

ஜீவராணிக்கு விளங்கவில்லை. வேலாயி தாளை மேசையில் விரித்தாள். மேலே பெரிய எழுத்தில் ‘அமரர் அகுமுத்து’ என்று இருந்தது. ழ வர வேண்டிய இடமெல்லாம் அது இல்லாமல், மற்ற எழுத்துகள் நெருங்கி ஒட்டிக்கொண்டிருந்தன. ஓட்டை தெரியாததால் கண்ணுக்கும் படவில்லை.

“லயத்து வீடு முழுக்கக் குடுத்து முடிச்சிட்டோம். நம்ம மச்சாண்டார் மகதான் சத்தமா வாசிச்சிச்சு. எல்லாரும் எம்மூஞ்சியப் பார்க்குறாங்க.” வேலாயி கத்தவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. “தோட்டத்துச் சம்பளப் புத்தகம், அந்தச் செக்ரோல்ல, அப்பா பேர அலகுமுத்துன்னு எழுதுனாங்க. ஐடென்டி கார்டுல அலகமுத்துன்னு இருக்கு. கேட்டா, அதெல்லாம் ஒண்ணுதான்னாங்க. நம்ம புள்ள கடையில குடுத்தா ஒழுங்கா வரும்னு நான்தான் புடிவாதமா இங்க கொண்டாந்தேன்.”

“அக்கா, இப்பவே சரியாக்கித் தர்றேன். உக்காருங்க.”

“தாங்க. குடுத்தத திரும்ப வாங்க ஏலாது. வெளியில இன்னும் குடுக்காதவங்களுக்காச்சும் இதக் குடுக்கிறேன்.”

கையாலேயே ஒவ்வொரு ழகரமாகச் சேர்த்து, வாய்விட்டு வாசித்து, புதிதாக அடித்துக் கொடுத்தாள் ஜீவராணி. வேலாயி தாள்களைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு இறங்கிப் போனாள்.

அன்று கடையில் யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்றே ஜீவராணிக்கு நினைவில்லை. நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு தேடினாள். தன் கணக்கு எங்கோ பிசகியிருக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு, யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்ற வரலாற்றைப் பார்த்தாள். சுகிர்தன் பெயர் இருந்தது. பக்கத்தில் ஒரே சொல்: ‘சுத்தப்படுத்தல்’.

விஷயம் இதுதான். அவள் எல் போட்டு வைத்திருந்த பெயரை அவன் எல்லா இடத்திலும் இசட்-எச் ஆக மாற்றியிருந்தான், ஒரே ஓர் இடம் தவிர. ஆக, ழகரத்தை ஒரு பெயரில் எடுத்து வைத்துவிட்டு, இன்னொரு பெயரில் தேடிக்கொண்டிருந்தது நிரல். அவர்கள் எழுதியது பேர்ல் என்ற நிரல் மொழியில். அறிமுகமில்லாத பெயரைக் கண்டால், கண்டிப்பாகப் பார் என்று முதல் வரியில் சொல்லி வைக்காதவரை, அது சண்டை பிடிக்காது. ‘ஒன்றுமில்லை’ என்று எடுத்துக்கொண்டு பேசாமல் தாண்டிப் போய்விடும். அந்த ஒன்றுமில்லைதான் அழகுமுத்துவின் பெயருக்குள் வந்து விழுந்திருந்தது.

சனிக்கிழமை சுகிர்தன் வந்தான். அவள் வணக்கம் சொல்லாமல், திரையை அவன் பக்கம் திருப்பினாள். பக்கத்தில் கருமாதிப் பத்திரிகையை வைத்தாள். அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். முகம் மெல்ல இறுகியது.

“ஓம். இது என்ர பிழைதான்” என்றான்.

“பிழை யாருக்கும் வரும் சேர். நான் அதக் கேக்கல. ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?”

“பெயர்தானே மாத்தினனான். வேலை செய்யிற விதத்திலை கை வைக்கேல்லை. அதுக்கும் கேக்கவேணும் எண்டு நினைக்கேல்லை.”

“நான் எழுதுன தமிழையும் மாத்தியிருக்கீங்க.”

அவன் அந்தக் குறிப்பை மறுபடி வாசித்தான். பிறகு, “அது... ஒரே மாதிரி இருக்கவேணும் எண்டுதான்” என்றான்.

“யாரு மாதிரி?”

கீழே மஸ்கெலியா பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் சத்தம் மட்டும் மேலே வந்துகொண்டிருந்தது.

“கெம்பஸிலை நாலு பேர் சேர்ந்து ஒண்டு எழுதினம்” என்றான் சுகிர்தன், நாற்காலியை இழுத்து உட்கார்ந்து. “அகராதி மாதிரி. ஆளாளுக்குத் தன்ர தன்ர பாட்டிலை எழுதினது. ஒருத்தன் கனடாவுக்குப் போயிட்டான். அவன் எழுதினதை மற்ற மூண்டு பேராலும் வாசிச்சு விளங்கேலாமல் போச்சு. இரண்டு வருச உழைப்பைத் தூக்கி எறிஞ்சம். அந்தப் பயம்தான் எனக்கு. வேறை ஒண்டுமில்லை.”

அந்தப் பயம் நியாயம் என்று அவளுக்குப் பட்டது. தன் கோபமும் நியாயம் என்றுதான் பட்டது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் தேநீர் வாங்கிவர எழுந்தாள்.

கருமாதியன்று சுகிர்தன் அவளோடு டயகமவுக்கு வந்தான். வர வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள், கேட்கவில்லை. லயத்துக்கு முன்னால் தகரப் பந்தல் போட்டிருந்தார்கள். வேலாயி சாப்பாடு பரிமாறுவதை மேற்பார்த்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தாள். அவளை நிறுத்தி வைத்து, அந்த எழுத்து விழுந்ததற்குத் தானே காரணம் என்று சுகிர்தன் சொன்னான். பெயரை மாற்றியது, ஓரிடத்தை விட்டது, நிரல் வெறுமையை எடுத்துக்கொண்டது என்று விளக்கவும் தொடங்கினான்.

வேலாயி கையில் சோற்றுச் சட்டியோடு கொஞ்ச நேரம் கேட்டாள். “அதெல்லாம் எனக்கு விளங்காதுங்க. யாரு தப்புன்னும் எனக்கு வேணாம். இன்னொரு வீட்டுக்கு இப்புடி நடக்காமப் பாத்துக்கங்க. மொதல்ல சாப்புடுங்க.”

அவன் சாப்பிட்டான். திரும்பி வரும் பஸ் அக்கரப்பத்தனையைத் தாண்டியது. பிறகு அவன்தான், “இனி எப்பிடி எழுதுறது எண்டு எல்லாரும் இருந்து கதைச்சு ஒரு முடிவெடுப்பம். நான் தனியச் சொல்லுறது சரிவராது” என்றான்.

எல்லாரும் என்றால் மூன்று பேர். வெளிநாட்டிலிருந்து ஓரிருவர் எப்போதாவது ஏதாவது அனுப்புவார்கள். நிலையாக எழுதிய மூன்றாவது ஆள் முத்துலிங்கம். வட்டவளையில் பிறந்து, கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பனியில் வேலை செய்தவன். கைவேகம் அதிகம், பொறுமை குறைவு. அடுத்த பௌர்ணமிக்கு, போயா விடுமுறையில், அவன் வீட்டுக்கு வந்தபோது, மூன்று பேரும் ஜீவராணியின் கடையில், கதவைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்தார்கள்.

வேண்டாத சண்டை ஒன்றும் நடக்கவில்லை. வேண்டிய சண்டை நிறைய நடந்தது. உள்தள்ளி எழுதும்போது டேப் விசையைத் தட்டுவதா, வெற்றிடம் விடுவதா என்பதற்கே ஒரு தேநீர் ஆறிப்போனது. முத்துலிங்கம் டேப் என்றான். மற்ற இருவரும் வெற்றிடம் என்றார்கள். “ரெண்டு பேரு இருக்கீங்க, நான் என்னத்தச் சொல்றது” என்று விட்டுக்கொடுத்தான், முகத்தைச் சுளித்துக்கொண்டே.

ழகரத்துக்கு வந்தபோது, ஜீவராணியின் பக்கம் நின்று அவன் சுகிர்தனை மடக்கினான். “எங்காளுங்க யாரு சேர் இசட்-எச் போட்டு எழுதுறாங்க? அழகன்னாலும் எல்தான், பழனின்னாலும் எல்தான். ஏன், உங்க யாழ்ப்பாணத்தையே எல் போட்டுத்தான எழுதுறாங்க?”

சுகிர்தன் சிரித்துவிட்டான். “அது உண்மைதான். நான் எதிர்க்கேல்லை. எல் எண்டே வைப்பம்.”

“வேணாம்” என்றாள் ஜீவராணி.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

“எல் போட்டா ல, ள, ழ மூணும் ஒண்ணாயிரும். அந்தப் பெரியவரு பேர அப்புடித்தான் காலம்பூரா எழுதியிருக்காங்க. அதெல்லாம் ஒண்ணுதான்னு சொல்லியிருக்காங்க. நம்ம செய்றதே அந்த எழுத்தக் காப்பாத்துற வேலை. உள்ளுக்க நம்மளே அதக் கலந்துவிட்டா எப்புடி? இசட்-எச்சே இருக்கட்டும். சேர் சொன்னதுக்காக இல்ல.”

ஆனால் குறிப்புகளை அவரவர் தமிழில் எழுதலாம் என்பதில் அவள் பிடிவாதமாக நின்றாள். விளங்கினால் போதும்; யாருடைய பேச்சையும் யாரும் திருத்தக் கூடாது. சுகிர்தன் கொஞ்சம் தயங்கி ஒத்துக்கொண்டான். ஒவ்வொரு கோப்பின் முதல் வரியிலும், அறிமுகமில்லாத பெயரைக் கண்டால் நின்றுவிடு என்ற கட்டளை இருக்க வேண்டும் என்று முத்துலிங்கம் சொன்னான். அதற்கு மறுபேச்சே இல்லை. கடைசியாக ஒன்றை ஜீவராணி சொல்ல, சுகிர்தன் தட்டச்சு செய்தான்: ‘பிறர் எழுதியதைத் திருத்துவதானால், அவரிடம் சொல்லிவிட்டுத் திருத்தவும்.’

எல்லாவற்றையும் ஒருவர் உட்கார்ந்து சரிபார்ப்பது நடக்காது. ஆள் பார்த்தால் முகம் பார்க்கும். ஆகவே விதிகளைச் சோதிக்கும் ஒரு சிறு நிரலை எழுதும் பொறுப்பை ஜீவராணி எடுத்துக்கொண்டாள். புதிதாக எது வந்தாலும் முதலில் அந்தச் சோதனையைத் தாண்ட வேண்டும். எந்த வரியும் குறித்த அகலத்துக்கு மிஞ்சி நீளக் கூடாது என்பதையும் அதில் சேர்த்தாள். கடைக் கணினியின் பழைய திரையில் நீள வரிகள் மடிந்து மடிந்து அவளைப் படுத்திய பாடு அப்படி.

தை மாதம் முத்துலிங்கத்திடமிருந்து பெரிய பொதி ஒன்று வந்தது. அட்டவணைகள் உள்ள கோப்புகளை, கட்டம் கலையாமல் மாற்றித் தரும் பகுதி. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். ஜீவராணி ஓட்டிப் பார்த்தாள். அற்புதமாக வேலை செய்தது. பிறகு சோதனையில் போட்டாள். பக்கம் பக்கமாகக் குறை சொன்னது. எங்கும் டேப். பெயர்கள் அவன் இஷ்டம். வரிகள் நீளம்.

திருப்பி அனுப்பினாள். ‘வேலை மிக நன்று. விதிப்படி ஒழுங்குபடுத்தி அனுப்புங்கள்’ என்று இரண்டு வரி.

சுகிர்தன் அன்றே கடைக்கு வந்தான். “ஏற்றுக்கொள்ளுவமே. பெடியன் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறான். பிறகு ஆறுதலாத் திருத்தலாம்.”

“பொறகு யாரு சேர் திருத்துறது? நீங்களா? சொல்லாமலா?”

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையின் சூடு அவளுக்கே தெரிந்தது. அவன் தலையாட்டினான்.

முத்துலிங்கத்தின் பதில் எல்லோருக்கும் பொதுவான மின்னஞ்சல் குழுவிலேயே வந்தது. ‘பகலெல்லாம் கம்பனிக்காரன் சொல்கிற மாதிரி எழுதுகிறேன். மிச்ச நேரத்தில் சும்மா எழுதிக் கொடுப்பதற்கும் பெரட்டுக்கு நிற்க வேண்டுமா? வேலை செய்கிறது என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் விடுங்கள்.’ அதன் பிறகு அவனிடமிருந்து எதுவும் வரவில்லை.

காலையில் கொழுந்தெடுக்கப் போகுமுன் வரிசையில் நின்று பேர் கொடுக்கும் இடம் பெரட்டு. ஜீவராணியின் அம்மா வாழ்நாள் முழுக்க நின்ற இடம். அந்தச் சொல் அவளை நன்றாகவே தைத்தது. சுகிர்தன் சொல்லாமல் செய்ததை நான் சொல்லிவிட்டுச் செய்கிறேன், அவ்வளவுதானா வித்தியாசம் என்று யோசித்தாள். விதி இல்லாவிட்டால் என்ன நடந்தது என்று தெரியும். விதி இருந்தும் ஓர் ஆளை இழந்தாயிற்று. கோல் எடுக்க வருபவர்களுக்கு மீதி கொடுக்கும்போதெல்லாம் இதுவே ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் கடைத் தொலைபேசியில் அவனை அழைத்தாள்.

“முத்துலிங்கம், நான் ஜீவராணி. உங்க பகுதிய நானே ஒழுங்குபண்றேன். எதெத மாத்துனேன்னு குறிச்சு அனுப்புறேன். நீங்க பார்த்துச் சரின்னா மட்டும் சேக்குறேன். உங்க பேர்லதான் இருக்கும். செய்யட்டுமா?”

மறுமுனையில் வாகன இரைச்சல். “செய்ங்க” என்றான். குரலில் ஒன்றும் இல்லை.

மழைப் பின்னேரங்களில் வரி வரியாகப் போனாள். முழுவதையும் திருத்தி முடிக்கப் பங்குனி ஆகிவிட்டது. அவன் எழுதியதில் ஒரே ஒரு பிழைகூட இல்லை. அதை அவள் மறைக்கவில்லை. ‘உங்கள் வேலையில் குறை ஒன்றும் காணவில்லை. நான் மாற்றியது எல்லாம் ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிப்பதற்காக மட்டும். குறிப்புகளை நீளத்துக்காக உடைத்திருக்கிறேன், சொல்லை மாற்றவில்லை’ என்று எழுதி அனுப்பினாள். ‘சரி’ என்று ஒரு சொல் வந்தது. சேர்த்தாள். அட்டவணைகள் கட்டம் கலையாமல் மாறின. நன்றி சொல்லிக் கடிதங்கள் வந்தன; அவற்றை அவனுக்கு அனுப்பி வைத்தாள். பதில் இல்லை.

ஆவணியில், வணக்கம் இல்லாமல், முகவுரை இல்லாமல், மின்னஞ்சல் குழுவுக்கு முத்துலிங்கத்தின் கடிதம் ஒன்று வந்தது.

‘வரி நீள விதியை மாற்ற வேண்டும். சோதனை நிரல் எழுத்துகளை எண்ணுவதில்லை. கணினிக்குள் அவை பிடிக்கும் இடத்தை எண்ணுகிறது. ஆங்கில எழுத்துக்கு ஓர் இடம். தமிழ் எழுத்துக்கு மூன்று இடம், கொம்பும் காலும் சேர்ந்தால் இன்னும் கூட. ஆகவே ஆங்கிலத்தில் குறிப்பு எழுதுகிறவனுக்கு முழு வரி கிடைக்கிறது. தமிழில் எழுதுகிறவனுக்கு மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைப்பதில்லை. என் வரிகளில் பாதி நீளமே இல்லை. இதை அப்போதே கண்டேன். கோபத்தில் சொல்லவில்லை.’

ஜீவராணி எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து மறுபடி வாசித்தாள். அவன் சொன்னது சரி. தமிழுக்காக நடக்கிற ஒரு வேலையில், தமிழில் எழுதுகிறவர்களை மட்டும் நெருக்குகிற விதியை அவளே, அறியாமல், கட்டி வைத்திருந்தாள். சுகிர்தன்கூட அதைக் கவனிக்கவில்லை. அவன் எப்போதும் சுருக்கமாகவே எழுதுகிறவன்.

அவள் குழுவுக்கே பதில் எழுதினாள். பிழை தன்னுடையது, முத்துலிங்கம் சொன்னபடி மாற்றலாம், யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டாள். சுகிர்தனுக்கு இருந்தது. கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணுவதா, திரையில் பிடிக்கும் அகலத்தை எண்ணுவதா என்று அவன் ஒரு கேள்வி கிளப்பினான். முத்துலிங்கம் அதற்கு நீளமாகப் பதில் எழுதினான். சுகிர்தன் அதைவிட நீளமாக மறுத்தான். நோர்வேயிலிருந்து, அதுவரை பெயரே கேள்விப்படாத ஒருவர் வந்து இருவரும் சொல்வது தவறு என்றார். வாரக்கணக்காக அது நடந்தது. ஒவ்வொரு நாளும் கடை திறந்ததும், விளக்குக்கூடப் போடாமல், புதிதாக என்ன வந்திருக்கிறது என்றுதான் ஜீவராணி முதலில் பார்த்தாள்.

முடிவில் முத்துலிங்கம் சொன்னதே நின்றது. விதியைத் திருத்தினாள். பிறகு, அவன் பகுதியில் நீளத்துக்காக உடைத்திருந்த குறிப்புகளை மறுபடி ஒட்டலாமா என்று கேட்டு அவனுக்கு எழுதினாள்.

பதில் சீக்கிரமே வந்தது. ‘ஒட்டுங்க. மூணாவது கோப்புல ஒண்ணு மட்டும் ஒடஞ்சே இருக்கட்டும், அது அப்புடித்தான் வாசிக்க நல்லாருக்கு. அப்பறம், தீவாளிக்கு வட்டவளைக்கு வர்றேன். டேப் விஷயத்தையும் ஒரு தடவ பேசணும்.’

ஜீவராணி ‘வாங்க, ஆனா விட்டுக்குடுக்க மாட்டேன்’ என்று எழுதி அனுப்பிவிட்டு, போட்டோக்கொப்பிக்குக் காத்திருந்த ஓர் அம்மாவிடம் தாளை வாங்கிக்கொண்டாள்.